தொழில் ஆராய்ச்சியும் நாட்டின் செலவு அநுகூலமும்

பண்டங்களை ஆக்கி விற்கும் முதலாளி ஒருவர் புதிதாக ஆலையொன்று நிறுவக் கருதுங்கால், முதற்கண் ஆராய்வது இடமேயாம். மூலப்பொருள் எங்கே அணித்தாகக் கிடைக்கும், மின்சாரம் எங்கே மலிவு, கூலி எவ்வளவு, வரி எத்துணை, துறைமுகம் எவ்வளவு தொலைவு என்றெல்லாம் கணக்கிட்டு, செலவின் மொத்தம் குறைந்து நிற்கும் இடத்தையே அவர் தெரிந்தெடுப்பர். ஒரே வேலையைப் பிறநாட்டினும் குறைந்த செலவில் செய்வதற்கு ஒரு நாடு இடந்தருமாயின், அதனை அந்நாட்டின் செலவு அநுகூலம் எனலாம்.

பண்டம் ஆக்குவதற்குரிய இக்கணக்கு இக்காலத்தில் ஆராய்ச்சிக்கும் உரியதாகிவிட்டது. புதிய பொருளைக் காண்பதற்கும், பழைய பொருளைச் செவ்வைப்படுத்துவதற்கும், ஆக்கும் முறையை எளிதாக்குவதற்கும் பெருங்கம்பெனிகள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் செலவிடுகின்றன. அப்பணம் எந்த நாட்டை நாடிச் செல்கின்றதோ, அந்த நாட்டுப் பட்டதாரிகளுக்கே பரிசோதனைக் கூடங்களில் இடம் கிடைக்கின்றது. ஆதலின் இது வணிகர்க்கு மட்டும் உரிய பேச்சன்று. பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் பயிலும் நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவர்க்கும் உரியது. நம் நாட்டிற்கு உள்ள அநுகூலம் யாது? நம் இளைஞர் குறைந்த ஊதியத்திற்கு உழைப்பர் என்பது மட்டுந்தானா, அன்றி அதனினும் உறுதியானது ஒன்று உண்டா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

ஆராய்ச்சிச் செலவு ஏனைச் செலவுகளைப் போன்றதன்று. அதற்கு மூன்று தனி இயல்புகள் உண்டு. முதலாவது, பயன் விளைய நெடுங்காலம் ஆகும். இரண்டாவது, பயன் விளையும் என்னும் உறுதியே இல்லை; பத்து முயற்சிகளில் ஒன்று பலித்தாலும் பேறு என்று கருத வேண்டியதாகும். மூன்றாவது, பலித்த ஒன்றின் பயனும் முழுவதும் செலவிட்டவரையே சேர்வதில்லை. ஒருவர் கண்ட உண்மையைக் கற்று மற்றவரும் தத்தம் தொழிலைத் திருத்திக்கொள்வர்.

செட்டிநாட்டு வணிகமுறையை அறிந்தார்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பர்மாவிற்கும் மலேயாவிற்கும் கொண்டுவிக்கப் போன நகரத்தார், தம் கடைகளுக்கு மேலாட்களை அமர்த்தி அனுப்பிய தவணை பெரும்பாலும் 3 ஆண்டாகும். தவணை முடிந்தவுடன் கணக்கு முடித்து, இலாபமும் நட்டமும் கண்டு, அடுத்தவரை அனுப்புவர். வட்டித் தொழிலுக்கு அம்முறை மிகப் பொருத்தமாயிருந்தது. ஆனால் ஆராய்ச்சிக் கூடத்தை 3 ஆண்டில் கணக்கு முடித்தால் பேரேட்டின் பற்றுப் பக்கமே நிறைந்திருக்கும். வரவுப் பக்கம் வெறுமையாயிருக்கும். இதனாலேதான் ஆராய்ச்சிக்குத் தம் பணத்தை இடுவதற்கு வணிகர் தயங்குகின்றனர். தயக்கத்தை நீக்க வேண்டுமாயின், அச்செலவிலும் அதன் அபாயத்திலும் நாடு ஒரு பங்கை ஏற்க வேண்டும். உலகத்து அரசாங்கங்கள் தொழில் ஆராய்ச்சிக்கு உதவுவதன் காரணம் இதுவே.

இனி, செலவின் கூறுகளைப் பார்ப்போம். நிலமும் கட்டடமும் ஒன்று, கருவிகள் இரண்டு, ஆராய்ச்சியாளர் ஊதியம் மூன்று, வரி நான்கு, காத்திருக்கும் காலம் ஐந்து. இவ்வைந்தனுள் எதனைக் குறைத்தாலும் ஒரு நாடு ஆராய்ச்சியைத் தன்பால் இழுக்க இயலும். ஆயினும் எல்லாக் குறைப்பும் ஒரே தன்மையன அல்ல. ஒன்று வந்த விருந்தினரை வாயிலில் வரவேற்பது; மற்றொன்று அவரை வீட்டிலேயே தங்கச் செய்வது.

முதற்கூறாகிய நிலத்திற்கும் கட்டடத்திற்கும் நம் காரைக்குடியே சிறந்த சான்று. விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1942-ஆம் ஆண்டில் தோன்றியது. டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அவர்கள் தலைமையில், நாட்டின் பல பாகங்களிலும் தேசிய ஆராய்ச்சி நிலையங்களை நிறுவும் திட்டம் உருவாயிற்று. அப்போது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காரைக்குடி பெரிய தொழில் நகரமன்று, துறைமுகமும் அன்று, தலைநகரும் அன்று. எனினும் கோட்டையூரிற் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் அவர்கள், மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் தம் ஊர்ப்பக்கம் அமைப்பதானால் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாக முன்வந்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பண்டித ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், அப்போது குடியரசின் துணைத்தலைவராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஊரார் ‘சிக்ரி’ என்று வழங்கும் நிலையம் இதுவே.

மின்வேதியியல் என்பது மின்சாரத்தால் பொருள்களை மாற்றுவதும், பொருள்களின் மாற்றத்தால் மின்சாரம் பெறுவதும் ஆகிய இருவகைச் செயல்களையும் ஆராயும் சாஸ்திரம். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது, முலாம் பூசுவது, இரும்பு துருவேறாமற் காப்பது, மின்கலங்கள் செய்வது யாவும் இதனுள் அடங்கும். இத்தகைய ஆலைகளுக்கு மலிவான மின்சாரம் உயிர்நாடி. சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின்சாரம் 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் கிடைக்கலாயின. மேட்டூரில் இரசாயன ஆலை எழுந்ததற்கு அணை மின்சாரம் பெருங்காரணம்.

இவ்விடத்தில் ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஆலை மின்சாரத்தைத் தேடி அணைக்கட்டுக்குச் செல்லும். ஆராய்ச்சிக் கூடம் அவ்வாறு செல்ல வேண்டுவதில்லை. அதற்கு வேண்டுவன பரந்த நிலமும், தொடக்கச் செலவைத் தாங்குவோரும், அறிவாளிகள் வந்து தங்கத்தக்க சூழலுமேயாம். அணைக்கட்டோ பெரிய சந்தையோ இல்லாத ஓர் ஊர், தன் கொடையாலேயே அநுகூலமான இடமாக மாறலாம் என்பதைக் காரைக்குடி காட்டிற்று. மைசூர் அரசாங்கத்தார் பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் தர, ஜம்ஷெட்ஜி டாட்டாவின் எண்ணப்படி 1909-ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞானக் கழகம் எழுந்ததும் இவ்வகையினதே.

இரண்டாவது கூறு கருவிகள். சிறு தொழிற்சாலை ஒவ்வொன்றும் விலையுயர்ந்த கருவிகளைத் தனித்தனியே வாங்கி வைத்தல் இயலாது. ஒரு பொது நிலையம் அவற்றை வைத்திருந்தால், கட்டணம் செலுத்திப் பலரும் பயன் கொள்ளலாம். சிக்ரி செய்த பணிகளுள் ஒன்றை உதாரணமாகக் கூறுவேன். காஸ்டிக் சோடா ஆலைகளில் நேர்மின்வாயாக முன்னாளில் கிராபைட் என்னும் கரிப்பொருளே பயன்பட்டு வந்தது. அது நாளடைவில் தேயும். தேயத் தேய மின்வாய்களுக்கு இடைப்பட்ட தூரம் அதிகரிக்கும். அதனால் மின்சாரச் செலவு ஏறும். மின்வாயை மாற்றுதற்கு ஆலையை நிறுத்தவும் நேரும். டைட்டேனியம் என்னும் உலோகத்தின்மேல் தக்க பூச்சிட்ட மின்வாய் இவ்வாறு தேய்வதில்லை. அத்தகைய மின்வாய்களை நம் நாட்டிலேயே செய்யும் முறையைச் சிக்ரி விஞ்ஞானிகள் உருவாக்கினர். ஓர் ஆலை தனித்து முயன்றிருப்பின் அதன் தோல்வியையும் தானே சுமந்திருக்க வேண்டும். பொது நிலையம் முயன்றமையால், அபாயத்தை நாடு ஏற்றது. ஆலைகள் பயன் பெற்றன. மண்டபம் கடற்கரையின் உப்புக்காற்றில் உலோகங்களை வைத்து அவை அரிக்கப்படும் விதத்தை ஆராயும் ஏற்பாடும் இதனைச் சார்ந்தது. பாலங்களையும் கப்பல்களையும் அழிக்கும் அக்காற்றே ஆராய்ச்சிக்குச் செலவில்லாத கருவியாயிற்று. 2018-ஆம் ஆண்டில், லித்தியம் அயனி மின்கலம் செய்யும் உள்நாட்டு முறையைத் தனியார் கம்பெனி ஒன்றுக்கு அளிக்கும் உடன்படிக்கையும் சிக்ரியால் செய்துகொள்ளப்பட்டது.

மூன்றாவது கூறாகிய ஊதியமே இந்தியாவைப் பற்றி வெளிநாட்டார் முதலில் எண்ணுவது. 1985-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி பெங்களூரில் வடிவமைப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கிற்று. அதனைப் பின்பற்றிப் பல கம்பெனிகள் வந்தன. 2024-ஆம் ஆண்டளவில் வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் நாட்டில் நடத்திய திறன் மையங்கள் 1,700-க்கு மேற்பட்டன. அவற்றில் வேலை செய்தோர் ஏறத்தாழ 19 லட்சம் பேர். அவையெல்லாம் ஆராய்ச்சி செய்வன அல்ல. எனினும் பொறியியல் ஆராய்ச்சி கணிசமான அளவில் நடைபெறுகின்றது.

இதனால் விளைந்த நன்மையை மறுத்தல் கூடாது. பல குடும்பங்கள் முன்னேறின. உலகத்தரமான வேலைமுறையை நம் இளைஞர் பயின்றனர். ஆனால் ஊதிய மலிவு என்பது நெடுநாள் நிற்கும் முதலன்று. திறமையுடையோர்க்கு நாளடைவில் ஊதியம் உயரும், உயர்வதே நியாயம். உயர்ந்தபின், அதனினும் மலிவான நாடொன்று தோன்றும். மேலும், வெளிநாட்டுக் கம்பெனியின் கூடத்திற் காணப்படும் புதுமையின் உரிமை பெரும்பாலும் அக்கம்பெனிக்கே சேரும். நமக்கு எஞ்சுவது ஊதியமும் அனுபவமுமே. அவ்வனுபவத்தைக் கொண்டு நம் இளைஞர் தாமே ஒன்றைப் படைப்பாராயின் அது விதைநெல்லாகும். இல்லையேல் அன்றன்று உண்டு தீர்க்கும் கூலிநெல்லே.

நான்காவது கூறு வரி. இதனைச் சிறு கணக்கால் விளக்குவது நலம். ஒரு கம்பெனியின் இலாபத்திற்கு நூற்றுக்கு 30 வீதம் வரி என்று வைத்துக்கொள்வோம். மேல்வரிகளை இங்குக் கருத வேண்டா. அக்கம்பெனி ஆராய்ச்சிக்கு 100 ரூபாய் செலவிட்டு, அதனை வருமானத்திற் கழித்துக்கொண்டால் வரியில் 30 ரூபாய் மிச்சம். உண்மைச் செலவு 70 ரூபாய். இது எந்தத் தொழிற்செலவுக்கும் உள்ள சாதாரணச் சலுகையே. இனி, செலவிட்ட 100 ரூபாய்க்கு 200 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னால், வரியில் 60 ரூபாய் மிஞ்சும். உண்மைச் செலவு 40 ரூபாயாகக் குறையும். 150 ரூபாயைக் கழிக்கலாம் என்றால் உண்மைச் செலவு 55 ரூபாய்.

நம் நாட்டில் நடந்ததும் இதுவே. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ், அங்கீகாரம் பெற்ற உள் ஆராய்ச்சிக் கூடங்களின் செலவுக்கு 2010-11 முதல் 2016-17 வரை 200 சதவீதக் கழிவு இருந்தது. 2017-18 முதல் அது 150 ஆயிற்று. 2020-21 முதல் 100 ஆகக் குறைந்தது. அதாவது விசேஷச் சலுகை நீங்கிச் சாதாரணக் கழிவே எஞ்சியது. அழகப்பர் கொடுத்தவை நிலமும் கட்டடத்துக்குரிய பொருளும் அன்றோ? அவ்விரண்டின் செலவுக்கும் இவ்விசேஷக் கழிவு பொருந்தாது என்பதும் அறியத்தக்கது. 2019-ஆம் ஆண்டில், இத்தகைய கழிவுகளை வேண்டாமென்று விடும் கம்பெனிகளுக்கு வரி 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த விகிதத்தில் 100 ரூபாய் ஆராய்ச்சிச் செலவால் மிஞ்சுவது 22 ரூபாய். உண்மைச் செலவு 78 ரூபாய். கம்பெனியின் மொத்த வரி குறைந்தாலும், ஆராய்ச்சிக்கென்று இருந்த தூண்டுதல் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

வரிக்கழிவுக்கு இன்னொரு குறையும் உண்டு. இலாபம் உள்ளவர்க்கே அது பயன்படும். புதிதாகத் தொடங்கி, இன்னும் ஒரு காசும் இலாபம் காணாத சிறு கம்பெனிக்கு வரியே இல்லை; வரியில்லார்க்குக் கழிவினால் அப்போது ஆகும் பயன் என்னை? கனடா நாட்டார் இதற்கு ஒரு வழி கண்டனர். அந்நாட்டவர்க்குரிய சிறு கம்பெனிகள் செய்யும் ஆராய்ச்சிச் செலவில், குறித்த வரம்பு வரை, நூற்றுக்கு 35 வீதம் அரசாங்கம் வரவு வைக்கின்றது. வரி கட்ட வேண்டாதவராயின் அத்தொகையைக் கையிலேயே கொடுத்துவிடுகின்றது. இளங்கன்றுக்கு வைக்கோலைக் காட்டாமல் பாலை ஊட்டுவது போன்றது இம்முறை.

நிற்க, இத்துணை ஏற்பாடுகளால் நம் நாட்டு நிலை என்னவாயிற்று? 2020-21-ஆம் ஆண்டில் இந்தியா ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதமே. கொரியக் குடியரசில் இது ஏறத்தாழ 5 சதவீதம். நம் செலவில் தனியார் தொழில்துறையின் பங்கு 36.4 சதவீதம், கொரியாவிலோ முக்காற்பங்குக்கு மேல் தொழில்துறையே செய்கின்றது. பத்து லட்சம் மக்களுக்கு இத்தனை ஆராய்ச்சியாளர் என்று எண்ணினால், நம் நாட்டில் இருந்தோர் 262 பேர். ஊதியம் குறைவு, ஏழாண்டு காலம் வரிச்சலுகையும் மிகுதி, அப்படியிருந்தும் நூற்றில் ஒரு பங்கை நாம் எட்டவில்லை.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் தெளிவானது. செலவைக் குறைத்தல் மட்டும் ஆராய்ச்சியை வளர்க்காது. மலிவான நிலத்தில் விதையின்றி விளைவில்லை. ஆராய்ச்சிக்கு விதை போன்றவர் ஆழ்ந்து கற்ற மாந்தர். நீர் போன்றது பொறுமையுள்ள பணம். ‘அகல உழுவதினும் ஆழ உழு’ என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும். பட்டதாரிகள் எண்ணிற் பெருகுவது அகல உழுதல். ஒரு துறையில் பத்தாண்டு நிலைத்து நின்று தேர்ச்சி பெறுவது ஆழ உழுதல்.

ஆகவே ஐந்தாவது கூறாகிய காலமே எல்லாவற்றினும் முதன்மையானது. காத்திருக்கும் செலவை நாடு பங்கிட்டுக்கொண்டால், அஃது எளிதில் பிறநாட்டார் பறிக்க இயலாத அநுகூலமாகும். இவ்வகையில் சில முயற்சிகள் தோன்றியுள்ளன. 2010-ஆம் ஆண்டில் சென்னைத் தரமணியில் தொடங்கிய ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இடம்பெறும் கம்பெனிகள் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. ஆசிரியரோடும் மாணவரோடும் கூடி ஆராய்ச்சி செய்தாக வேண்டும். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய ஆராய்ச்சி அறநிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தனியார் ஆராய்ச்சிக்கு நீண்ட தவணையில் குறைந்த வட்டிக்கோ வட்டியின்றியோ பொருளுதவி செய்ய, 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய மந்திரிசபை இசைவு தந்தது. வட்டியின் இயல்பை நன்கறிந்த செட்டிநாட்டார்க்கு இதன் உட்பொருளைச் சொல்ல வேண்டுவதில்லை. கடனின் வட்டியும் தவணையும் குறுகியிருந்தால் குறுகிய வேலைகளே நடக்கும். தவணை நீண்டால்தான் நெடிய வேலைக்குக் கைவைக்கத் துணிவு பிறக்கும்.

அரசாங்கம் ஒன்றே இதனைச் செய்ய வேண்டுமென்பதும் இல்லை. நகரத்தாரிடையே ‘மகமை’ என்றொரு வழக்கம் உண்டு. வணிகத்தில் வரும் ஊதியத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுத் தருமத்திற்கென்று முன்னரே ஒதுக்கிவிடுவது அது. தனித்தனியே பார்த்தால் சிறுதொகை. கூடினால் கோயிலும் சத்திரமும் கல்விச்சாலையும் எழும். இம்முறையை ஆராய்ச்சிக்கும் ஏன் கொள்ளலாகாது? ஆத்தங்குடியில் கண்ணாடித்தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையாலேயே தளக்கற்கள் செய்வோர் உளர். வண்ணம் வெளிறாமல் இருக்க என்ன செய்வது, நீரையும் காயவைக்கும் நாட்களையும் எவ்வாறு குறைப்பது என்னும் வினாக்களை ஒரு பட்டறை தனித்து ஆராய வல்லதன்று. அவ்வாறே, 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் சாயத்தைப் பற்றியும் ஆராயத்தக்கன பல. பட்டறையாரும் நெசவாளரும் விற்பனையில் ஒரு சிறு மகமை ஒதுக்கி, அணித்தேயுள்ள ஆராய்ச்சி நிலையத்தையோ பல்கலைக்கழகத்தையோ அணுகினால், கம்பெனி எதுவும் தராத செலவு அநுகூலத்தைத் தமக்குத் தாமே உண்டாக்கிக்கொண்டவராவர்.

மாணவ நண்பர்களே! வெளிநாட்டுக் கம்பெனி வருக. நம் கம்பெனிகளும் வளர்க. இரண்டிலும் நுங்களுக்கு வேலை உண்டு. ஆனால் வேலையைத் தேடுங்கால் ஊதியம் எத்துணை என்று கேட்பதோடு, அங்கே எதைக் கற்போம், கற்றதைக் கொண்டு பின் எதைச் செய்வோம் என்றும் கேளுங்கள். சிறு பையனாகப் பெட்டியடியில் அமர்ந்து கணக்குக் கற்றவரே பின்னாளில் மேலாளாகவும் தனிக்கடை முதலாளியாகவும் உயர்ந்தனர் என்பது இந்நாட்டு வணிகர் வரலாறு. பரிசோதனைக் கூடத்திலும் அவ்வழி திறந்தேயிருக்கின்றது.

அழகப்பர் அளித்த 300 ஏக்கர் நிலம் முதற்செலவைக் குறைத்தது. அதன்பின் அந்நிலத்தைப் பயனுள்ளதாக்கியவர், எழுபது ஆண்டுகளாக அங்கே பரிசோதனை செய்து, தவறி, மீண்டும் செய்த விஞ்ஞானிகளே. நிலமும் வரிச்சலுகையும் மலிவைத் தரும். வலிமையைத் தர வல்லவர் கற்றோர் ஒருவரே. மலிவு கருதி நம்மை நாடி வருவோர் நம் திறமை கருதி இங்கே தங்குமாறு செய்தல் நம் தலைமுறையின் கடமையாகும்.